த்விகிமும் பொரியலும்: கொரிய மொழியில் வினை பெயராகும் விதம்

கொரிய உணவகத்து உணவுப் பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிபிம்பப், பொக்கும்பப், த்விகிம், கல்பிச்சிம், முச்சிம், ஜோரிம். கொரிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாதவருக்கும் ஒன்று கண்ணில் படும்: எல்லாவற்றிலும் எங்கோ ஒரு 'ம்' உட்கார்ந்திருக்கிறது.

அந்த 'ம்'தான் இந்தக் கட்டுரையின் விஷயத்தில் பாதி. 'பிபி' என்றால் பிசை. அதோடு ம் சேர்ந்தால் 'பிபிம்', பிசைந்தது. 'பப்' என்பது சோறு. ஆக, பிபிம்பப் பிசைந்த சோறு. 'த்விகி' என்றால் எண்ணெயில் பொரி, த்விகிம் என்றால் பொரித்த பண்டம். 'ச்சி' என்றால் ஆவியில் அவி, ச்சிம் என்றால் அவித்தது. 'பொக்' என்றால் வதக்கு அல்லது வறு, பொக்கும் என்றால் வறுத்தது. சரி, நம் பந்தி இலையில் என்ன இருக்கிறது? பொரியல், அவியல், வறுவல், துவையல், மசியல், பொங்கல். பொரி, அவி, வறு, துவை, மசி, பொங்கு ஆகிய வினைகளோடு 'அல்' சேர்ந்து பெயரானவை. பண்டங்கள் வேறு, சுவை வேறு. ஆனால் வினையைப் பிடித்து வாலில் ஒரு ஒட்டைச் சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பெயர் வைக்கும் வேலை இரண்டு சமையலறையிலும் ஒன்றுதான்.

(ஒரு எச்சரிக்கை. கிம்பப்பில் இருக்கும் 'ம்' இந்த ம் இல்லை. அங்கே 'கிம்' என்பது கடல்பாசித் தாளின் பெயர். அதேபோல் புல்கோகி என்ற சொல்லின் கடைசி 'கி'யும் கீழே வரப்போகும் 'கி' இல்லை. 'கோகி' என்றால் இறைச்சி, அவ்வளவுதான்.)

நான் கொரிய மொழி படிக்க ஆரம்பித்தது ஆங்கில வழிப் பாடநூல் ஒன்றில். வினையைப் பெயராக்கும் பாடம் வந்ததும் அந்த நூல் பக்கம் பக்கமாக மூச்சு வாங்கியது. ஆங்கிலம் வழியாக வருபவருக்கு அது தலைகீழ் உலகம் என்பதால் அப்படி எழுதத்தான் வேண்டும். நானும் அதே மூச்சோடு இரண்டு வாரம் மனப்பாடம் செய்தேன். ஒருநாள் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு நேராகத் தமிழில் பொருள் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. நான் மனப்பாடம் செய்தவற்றில் முக்கால்வாசியை அம்மாவிடம் பேசும்போது தினமும் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

உச்சரிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. கொரியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நம் க, த, ப போலவே அவர்களுடையதும் சொல்லின் முதலில் வல்லென்றும், இரண்டு உயிர்களுக்கு நடுவில் மென்மையாகவும் ஒலிக்கும். ஆகவே பழக்கப்பட்டபடியே படியுங்கள். 'நுன்' போன்ற இடங்களில் வரும் உகரத்துக்கு உதட்டைக் குவிக்காதீர்கள். 'காசு', 'பாட்டு' என்று பேசும்போது கடைசியில் வரும் அந்தச் சோம்பேறி உகரம்தான் அது. அகராதியில் கொரிய வினைகள் எல்லாம் 'தா' என்று முடியும். தாவை எடுத்துவிட்டால் வேர் கிடைக்கும். 'ஓதா' என்றால் வருதல், வேர் 'ஓ'.

பெயரெச்சமும் ஒரு 'து'வும்

முதலில் மிகப் பெரிய கருவி. அதைப் புரிந்துகொள்ளப் பள்ளியில் படித்த பெயரெச்சத்தை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வந்த பையன், வருகிற பையன், வரும் பையன். பெயருக்கு முன்னால் நின்று காலம் காட்டும் அரைகுறை வினை. கொரிய மொழியில் அதே மூன்று: ஓன், ஓநுன், ஓல். வந்த, வருகிற, வரும். வேரோடு ன் சேர்ந்தால் இறந்தகாலம், நுன் சேர்ந்தால் நிகழ்காலம், ல் சேர்ந்தால் எதிர்காலம். பெயருக்கு முன்னால் வைத்தால் போதும். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் வால்போல் நீளும் தொடர், கொரிய மொழியிலும் தமிழிலும் பெயருக்கு முன்னாலேயே வந்து அடங்கிவிடும்.

இப்போது அந்தப் பெயரின் இடத்தில் பையனுக்குப் பதிலாக 'கொத்' என்ற சொல்லை வையுங்கள். கொத் என்றால் பொருள், விஷயம், 'அது'. ஓநுன் கொத் = வருகிற + அது = வருகிறது, அதாவது வருவது. ஓன் கொத் = வந்தது. ஓல் கொத் = இனி வருவது. முழு வாக்கியத்தையும் இப்படிச் சுருட்டிப் பெயராக்கி, அதன்மேல் வேற்றுமை உருபைப் போடலாம். 'பிகா ஓநுன் கொசுல் ப்வஸ்ஸொயோ'. பிகா என்பது மழை, எழுவாய் உருபோடு. கொசுல் என்பது கொத் என்பதோடு 'ஐ' உருபு சேர்ந்தது. ப்வஸ்ஸொயோ என்றால் பார்த்தேன். மழை பெய்வதைப் பார்த்தேன். சொல் வரிசையில்கூட ஒன்றும் மாறவில்லை.

பேச்சில் கொத்தும் அதன்மேல் வரும் உருபும் ஒன்றாகத் தேய்ந்துபோகும். கொசி என்பது 'கே' ஆகும், கொசுல் என்பது 'கொல்' ஆகும், கொசுன் என்பது 'கொன்' ஆகும். கொரியத் தொடர்களை வசன எழுத்தோடு பார்ப்பவர்கள் பாடநூலில் படித்த கொசுல் எங்கே போனது என்று தேடுவது இதனால்தான். 'ஜாநுன் கே ஜோவாயோ' என்றால் தூங்குவது நல்லது. அங்கே 'கே' என்பது கொத்தும் எழுவாய் உருபும் ஒன்றாகிக் குறுகியது.

ஆரம்ப மாணவர்கள் செய்யும் தவறு ஒன்று எல்லா வகுப்பிலும் வரும். என் பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது என்று சொல்ல நினைத்து, 'ஜே ச்விமிநுன் சேகுல் இல்கொயோ' என்கிறார்கள். நேராகத் தமிழில் வைத்தால் 'என் பொழுதுபோக்கு புத்தகம் படிக்கிறேன்'. காதில் கேட்டதுமே இடறுகிறது அல்லவா? அந்த இடறலை நம்புங்கள். 'ஜே ச்விமிநுன் சேகுல் இங்நுன் கொசியேயோ' என்பதே சரி. படிக்கிற + அது. (வேரில் உள்ள க், பின்னால் வரும் ந் பட்டு ங் ஆகிறது. படி என்ற பொருளுள்ள வேர் இங்கே 'இங்' என்று ஒலிப்பது அதனால்தான்.)

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 'நேகா மொங்நுன் கொத்' என்றால் நான் சாப்பிடுவது. எது? நான் சாப்பிடும் பண்டமா, நான் சாப்பிடுகிற செயலா? இரண்டும்தான். 'நான் சாப்பிடுவது இட்லி' என்றால் பண்டம், 'நான் சாப்பிடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை' என்றால் செயல். தமிழ் எந்த இடத்தில் இரட்டைப் பொருளை அனுமதிக்கிறதோ அதே இடத்தில் கொரிய மொழியும் அனுமதிக்கிறது. வாக்கியத்தின் மிச்சம் பார்த்துக்கொள்ளும்.

ஊகம் சொல்வதற்கும் இதே அச்சுதான். 'பிகா ஓநுன் கொத் கத்தாயோ' என்றால் மழை பெய்வதுபோல் இருக்கிறது. 'பிகா ஓன் கொத் கத்தாயோ' என்றால் மழை பெய்ததுபோல் இருக்கிறது, அதாவது தரை நனைந்திருக்கிறது. 'பிகா ஓல் கொத் கத்தாயோ' என்றால் மழை வரும்போல் இருக்கிறது. 'கத்' என்பது 'போல்'. நடுவில் ஓர் எழுத்து மாறினால் காலம் மாறுகிறது, அவ்வளவுதான்.

கொத் தவிர வேறு பெயர்களும் அந்த நாற்காலியில் உட்காரும். 'த்தே' என்றால் பொழுது, ஆகவே 'ஓல் த்தே' வரும்பொழுது. 'ஜொக்' என்றால் அப்படி நடந்த ஒரு தருணம், ஆகவே 'போன் ஜொகி இத்தா' என்பது பார்த்த தருணம் உண்டு. நாம் இன்னும் சுருக்கமாகச் சொல்வோம்: பார்த்ததுண்டு. 'ஸு' என்றால் வகை, ஆகவே 'ஓல் ஸு இத்தா' என்பது வரும் வகை இருக்கிறது, அதாவது வர முடியும்.

இவ்வளவும் சுகமாகப் போகிறதே என்று நினைக்கும்போதுதான் பள்ளம் வருகிறது. கொரிய மொழியில் பெரிது, சிறிது, அழகு போன்றவையும் வினைகளைப்போலவே நடக்கும் சொற்கள். ஆனால் அவற்றுக்கு நிகழ்காலத்தில் நுன் வராது, ன் தான் வரும். 'மொகுன் கொத்' என்றால் சாப்பிட்டது, இறந்தகாலம். 'ஜகுன் கொத்' என்றால் சிறியது, இப்போது சிறியதாக இருப்பது. ஒரே ஒலி, ஒரே இடம், காலம் மட்டும் வேறு. இதற்குத் தமிழ் உதவாது. செயலா, தன்மையா என்று முதலில் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தால்தான் சரியாகும். எனக்கு வர மாதங்கள் ஆயின. இன்னொரு சின்ன விதிவிலக்கு: இரு, இல்லை என்ற பொருளுள்ள சொற்கள் செயல்வினைகளோடு சேர்ந்து நுன் எடுக்கும்.

'என்பது'

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் மிக அழகான இடம் இதுதான். பாடநூல்கள் இதை ஏனோ கடைசியில் ஒளித்து வைக்கின்றன.

'குகா ஓந்தாநுன் கொசுல் அராயோ' என்றால், அவன் வருகிறான் என்பதை அறிவேன். ஓந்தா என்பது முற்றுவினை, வருகிறான். அதற்குப் பின் நுன் கொத் எப்படி ஒட்டியது? முழு வடிவம் 'ஓந்தாகோ ஹாநுன் கொத்'. அதில் 'கோ ஹா' என்பது 'என்று சொல்'. வருகிறான் என்று சொல்லுகிற அது. இடையில் உள்ளது தேய்ந்து ஓந்தாநுன் ஆகிவிட்டது.

நம் 'என்பது' எங்கிருந்து வந்தது? 'என்' என்றால் சொல். என்று, என்ற, என்கிற, என்பது எல்லாம் அந்தச் 'சொல்' வினையின் குழந்தைகள். யாரும் வாயைத் திறந்து எதையும் சொல்லாத இடத்திலும் 'என்பது' போடுகிறோம். பேச்சுத் தமிழில் 'வர்றான்ங்கிறது' என்று அது இன்னும் தேய்கிறது. கொரிய மொழியிலும் அதே வினை, அதே தேய்மானம். 'ஓந்தாநுன் சோசிக்' என்றால் வருகிறான் என்கிற செய்தி. 'சந்தாநுன் கொசுன்' என்றால் வாழ்வது என்பது. தத்துவம் பேச ஆரம்பிப்பவர்கள் இரண்டு மொழியிலும் இந்தச் சொல்லில்தான் தொண்டையைச் செருமுகிறார்கள்.

'மழை பெய்வதைப் பார்த்தேன்' என்பதற்கும் 'மழை பெய்கிறது என்பதை அறிந்தேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. முதலாவதில் நிகழ்ச்சி கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. இரண்டாவதில் அது ஒரு தகவல். ஓநுன் கொத், ஓந்தாநுன் கொத் இரண்டில் எதைப் போடுவது என்று குழப்பம் வந்தால், தமிழில் 'வது' வருமா 'என்பது' வருமா என்று பாருங்கள். பெரும்பாலும் தப்பாது.

கி என்னும் தொழிற்பெயர்

இரண்டாவது கருவி வேரோடு நேராக ஒட்டும் 'கி'. கொரியக் குழந்தைகள் கணக்கில் படிப்பது தொஹாகி, ப்பேகி, கொபாகி, நனுகி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். 1997 முதல் நடக்கும் டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வின் தாள்களுக்குப் பெயர் துத்கி, ஸுகி, இல்கி. கேட்டல், எழுதுதல், படித்தல். முதல் கட்டத் தேர்வில் எழுதுதல் கிடையாது. விளையாட்டுகளிலும் கி உண்டு. தல்லிகி ஓட்டம், ஜுல்தரிகி கயிறு இழுத்தல். ஆக, 'தல்' என்று மனதில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் கைபேசியின் மொழியைக் கொரிய மொழிக்கு மாற்றிப் பாருங்கள். (திரும்ப மாற்றும் வழியை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்காமல் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன்.) பொத்தான்களில் போகி, தத்கி, சத்கி, பொனேகி, நகாகி என்று கி வரிசையாக நிற்கும். பார்த்தல், மூடுதல், தேடுதல், அனுப்புதல், வெளியேறுதல். தமிழ் இடைமுகங்களில் 'திற', 'மூடு', 'அனுப்பு' என்று ஏவல் போடுகிறார்கள். கொரிய மொழியில் ஏவல் போட்டால் எந்த மரியாதைப் படியில் ஏவுவது என்ற கேள்வி உடனே எழும். கி போட்டுவிட்டால் யாரையும் ஏவவில்லை, வேலையின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறோம். பொத்தான்களில் கி நிலைத்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் ஊகம்.

வாக்கியத்துக்குள் வரும்போது கி எப்போதும் 'தல்' ஆகாது. பல இடங்களில் 'படிக்க', 'வர' போன்ற எச்சம்தான் அதற்குச் சரியான இணை. 'இ சேகுன் இல்கி ஸ்விவொயோ' என்றால் இந்தப் புத்தகம் படிக்க எளிது. 'பிகா ஓகி ஷிஜகேஸ்ஸொயோ' என்றால் மழை வர ஆரம்பித்தது. 'ககி ஷிரொயோ' என்றால் போகப் பிடிக்கவில்லை. எளிது, கடினம், தொடங்கு, பிடிக்காது, விரும்பு போன்ற சொற்கள் தமக்கு முன்னால் கியைத்தான் கேட்கும். இவற்றைத் தனித்தனியாக அல்ல, ஜோடியாகப் படிப்பது நல்லது.

'முன்', 'பின்' விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 'வருவதற்கு முன்' என்பது 'ஓகி ஜொனே'. 'வந்த பிறகு' என்பது 'ஓன் ஹுஏ'. முன்னுக்கு கி, பின்னுக்குப் பெயரெச்சம். ஏன் இரண்டுக்கும் ஒரே வடிவம் இல்லை என்று ஆங்கில வழியில் படிப்பவர்கள் கேட்பார்கள். நாம் ஏன் 'வந்த முன்' என்று சொல்வதில்லை? வருவதற்கு முன் என்னும்போது வருகை இன்னும் நடக்கவில்லை. நடக்காததற்கு இறந்தகாலம் காட்ட முடியாது. கியின் குணமே அதுதான்: நடந்து முடிந்ததா என்ற கவலை இல்லாமல், செயலை ஒரு சாத்தியமாக மட்டும் சொல்வது. இதில் அடங்காத பிள்ளை ஒன்று உண்டு. காரணம் சொல்லும் 'கி த்தேமுனே' இறந்தகாலத்தையும் ஏற்கும். ஓகி த்தேமுனே என்றால் வருவதால், வத்கி த்தேமுனே என்றால் வந்ததால்.

மறுபடியும் அந்த 'ம்'

கிக்கு நேர் எதிர்க்குணம் ம் உடையது. நடந்து முடிந்தது, தெரிந்துபோனது, உறைந்து பொருளாகிவிட்டது ஆகியவற்றை அது பிடிக்கும். ஒரே வினையை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். 'குகா த்தொனகிருல் பரத்தா' என்றால் அவன் போய்விட வேண்டும் என்று விரும்பினேன். இன்னும் போகவில்லை, ஆகவே கி. 'குகா த்தொனஸ்ஸுமுல் அரத்தா' என்றால் அவன் போய்விட்டதை அறிந்தேன். போய்விட்டான், அது உண்மை, ஆகவே ம். விரும்பு, தொடங்கு, முடிவுசெய் என்பவை கி பக்கம். அறி, தெரியவா, வெளிப்படு என்பவை ம் பக்கம். ஆனால் வாக்கியத்துக்குள் ம் வருவது கொஞ்சம் எழுத்து நடை. பேச்சில் அந்த இடத்துக்குக் கொத் வந்துவிடும்: 'த்தொனன் கொல் அரஸ்ஸொயோ'.

ஒரு காலத்தில் ம் இப்படி ஒதுங்கியிருக்கவில்லை. சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட கொரிய எழுத்தின் முன்னுரை, பின்னர் 1459இல் அச்சான நூல் ஒன்றில் கொரிய மொழிபெயர்ப்போடு வந்தது. எல்லோரும் எளிதில் கற்று, தினமும் பயன்படுத்த வசதியாக இருக்கட்டும் என்று அது முடிகிறது. 'பயன்படுத்த' என்னும் அந்த இடத்தில் அங்கே நிற்பது ம் வடிவம். இன்று ஒருவர் அதையே சொன்னால் இயல்பாக வாயில் வருவது 'ஸுகி' என்ற கி வடிவம். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கி வளர்ந்து ம் வைத்திருந்த இடங்களைப் பிடித்துக்கொண்டது.

ம் விட்டுக்கொடுக்காத இடம் அகராதி. உஸும் சிரிப்பு, உரும் அழுகை, ஜுகும் இறப்பு, கிப்பும் மகிழ்ச்சி, குரிம் படம். தூங்கு என்ற 'ஜா'விலிருந்து ஜாம், தூக்கம். கனவு காண் என்ற 'க்கு'விலிருந்து க்கும், கனவு. ஆடு என்ற 'சு'விலிருந்து சும், நடனம். 'சுமுல் சுதா' என்றுதான் சொல்வார்கள், ஆட்டம் ஆடு என்பதுபோல. ஒரும் என்றால் பனிக்கட்டி, அதன் வேர் உறை என்ற பொருளுள்ள 'ஒல்'. இவை எல்லாம் சமைத்து வைத்த சொற்கள். புதிதாக நீங்களே சமைக்க வேண்டாம். தொக்பொக்கியைப் பாருங்கள். பொக்கும்பப்பில் இருக்கும் அதே 'வறு' வினைதான், ஆனால் அங்கே ம் இல்லை, 'இ' ஒட்டியிருக்கிறது. சுட்ட இறைச்சியின் 'குயி', முட்டைச் சுருள் 'கெரன்மரி' ஆகியவையும் இந்த இ வகையே. நீளமும் உயரமும் இ எடுக்க, பருமனும் வெளிச்ச அளவும் கி எடுக்கின்றன. நம்மிடம் வறுவல் இருக்கிறதே என்று 'வறுப்பு' எனப் புதிதாகச் சொன்னால் சிரிப்பார்கள் அல்லவா? அங்கேயும் அப்படித்தான்.

ம்முக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு: குறிப்பு எழுதுவது. 'இசங் ஒப்ஸும்' என்றால் கோளாறு இல்லை. சோதனை அறிக்கையிலும் காவல் பதிவேட்டிலும் எழுதும் வாசகம். மரியாதை விகுதி எதுவும் போடாமல் வாக்கியத்தை ம்மில் நறுக்கிவிடுவது. அந்த அலுவலகக் குளிர்ச்சியை இளைஞர்கள் விளையாட்டாக அரட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். 'நா ஜிபே கம்' என்று நண்பர்களுக்கு அனுப்புவார்கள். நான் வீட்டுக்குப் போகிறேன் என்பதை, பதிவேட்டில் குறிப்பதுபோல. நண்பரிடம் சரி, ஆசிரியரிடம் அனுப்பிவிடாதீர்கள்.

எழுத்துப் பிழை பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. ஒரும், உரும் போன்ற சில சொற்களை விட்டால், வேரின் கடைசியில் ல் இருந்தால் ம் சேரும்போதும் அந்த ல் எழுத்தில் நிற்க வேண்டும், ஒலியில் மட்டும் மறையும். வாழ் என்ற 'சல்', 'சம்' என்று ஒலிக்கும், எழுத்தில் ல் உள்ளேயே இருக்கும். செய், உருவாக்கு என்ற பொருளுள்ள வினையைக் குறிப்பு நடையில் எழுதும்போது கொரியர்களே இந்த ல்லை அடிக்கடி மறக்கிறார்கள். இன்னொன்று, 'இரு' என்பதன் ம் வடிவத்தில் இல்லாத ஒரு 'ஸ்' சேர்ப்பது. 1988இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த மொழி விதிகளில் மரியாதை விகுதி 'உம்னிதா' என்பது 'ஸும்னிதா' என்று மாறியது. அதைப் பார்த்துப் பலர் ம் வடிவத்துக்கும் அந்த ஸ்ஸைத் தூக்கி வைத்துவிட்டார்கள். கடைக் கதவில் ஒட்டிய கையெழுத்து அறிவிப்புகளில் இந்தப் பிழையைப் பார்க்கலாம். கண்டுபிடித்துவிட்டால் ஒரு சின்னச் சந்தோஷம் வரும்.